பத்து தெத்ரி

எங்கள் லிஃப்ட் காசு கேட்கும்.
உள்ளே ஓர் உண்டியல்,
பத்து தெத்ரி போட்டால்
ஒன்பதாம் மாடிக்கு முனகிக்கொண்டே ஏறும்.
இறங்க இலவசம்.
உலகம் பூராவும் அப்படித்தான், ஆனால்
அதை எழுதி ஒட்டியிருப்பதை
திபிலிசியில்தான் பார்த்தேன்.

சில்லறை இல்லாவிட்டால் நூற்று நாற்பத்து நான்கு படி.
மருத்துவக் கல்லூரியில் எலும்புப் பாடம் நடத்துகிறேன்.
எது முதலில் வலிக்கும் என்று தெரியும்;
தெரிவதால் குறைவதில்லை.

இந்த ஊர் எழுத்தைப் பார்த்ததும்
சொந்தக்காரர் என்று நினைத்துவிட்டேன்.
சுழி, வளைவு, கொக்கி, வால்,
யாரோ தூக்கத்தில் எழுதிய தமிழ்.
பக்கத்தில் போனால் கல்யாண வீட்டில்
கையைக் குலுக்கிவிட்டு
யாரென்று யோசிக்கவைக்கும் முகம்.

சொற்கள் அதைவிட மோசம்.
பூரி என்றார்கள்.
உருளைக்கிழங்குக்கு மனம் தயாரானது.
வந்தது, கிணறு மாதிரி அடுப்பின் சுவரிலிருந்து
பிய்த்தெடுத்த முழ நீள ரொட்டி.
வீடு சேர்வதற்குள் முனையைக் காணோம்.
யாருடைய ரொட்டிக்கும் இங்கே முனை இருப்பதில்லை.

வீட்டுக்காரி லமாரா
"கரி! கரி!" என்று கத்தினாள்.
தட்டைக் கழுவி வைத்துக் காத்திருந்தேன்.
கதவைச் சாத்தச் சொல்லியிருக்கிறாள், காற்றடிக்கிறதாம்.
கதவும் கரி, காற்றும் கரி;
என் காதுக்கு இரண்டும் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில்
தாத்தோ என்கிற பொடியன் "மாமா!" என்று கூவினான்.
ஏழு மருமக்கள் உள்ளவன் நான்,
அனிச்சையாய் "என்னடா?" என்று திரும்பினேன்.
அவன் என்னைத் தாண்டி ஓடி
காருக்கு அடியில் படுத்திருந்தவரின்
காலைப் பிடித்து இழுத்தான்.
இங்கே மாமா என்றால் அப்பா.
அக்காவிடம் போனில் சொன்னேன்.
நான்கு நிமிஷம் சிரித்தாள், பிறகு,
"அங்கே பெண் மட்டும் பார்த்துவிடாதே,
மாமனாரை என்னவென்று கூப்பிடுவாய்?"

ஒன்றாம் தேதி லமாரா வாசலில் நின்று
"புளி" என்றாள்.
சமையலில் ஆர்வம் போலிருக்கிறது என்று
அரைக் கிலோவில் பாதியைத்
தாளில் மடித்துக் கொடுத்தேன்.
முகர்ந்தாள். நக்கினாள்.
ஒரு கண் தானாக மூடியது.
உள்ளே போனவள்
காட்டுப் பிளம் அரைத்த புளிப்புச் சாறு ஒரு புட்டி
என் கையில் திணித்தாள்.
பிறகு இரு விரலைத் தேய்த்துக் காட்டி
மறுபடியும், "புளி."
பணத்துக்கு இங்கே அதுதான் பெயர்.
அக்கா சொல்கிற புளி விலையைப் பார்த்தால்
அதுவும் தப்பில்லை.

பஸ் நிறுத்தத்து நாய்க்குக் காதில் மஞ்சள் வில்லை,
எண்ணோடு.
ஊசி போட்டாயிற்று, பதிவும் ஆயிற்று.
என் வசிப்பு அட்டை இன்னும் பரிசீலனையில்.
பச்சை விளக்குக்கு இருவரும் காத்து நிற்கையில்
அது என்னை மேலும் கீழும் பார்க்கும்,
மூன்றாம் எண் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவரைப் போல.

லமாராவின் பிறந்தநாள், முற்றத்தில் விருந்து.
கோப்பையைத் தூக்கிவிட்டால் உடனே குடிக்கக் கூடாது,
அவள் அண்ணன் ஜெமால் பேசி முடிக்க வேண்டும்.
அமைதிக்கு. இறந்தவர்களுக்கு. பிறக்கப்போகிறவர்களுக்கு.
திராட்சைக்கு.
திராட்சை நட்டவரின் முழங்காலுக்கு.
என் கை மரத்துப்போனது.
எந்த நரம்பு என்று தெரியும்.

பிறகு என்னை எழுப்பிவிட்டார்கள்.
கையிருப்பில் இருந்தவை அதே சொற்கள்தான்.
பூரி, என்று மேசையைக் காட்டினேன்.
புளி, என்று பையைத் தட்டினேன்.
கரிக்குக் கரி, என்று கதவைச் சாத்தினேன் காற்றில்.
மாமா, என்று தாத்தோவின் அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டேன்.
வினைச்சொல் ஒன்றுகூட இல்லை.
மேசை முழுவதும் எழுந்து நின்றது.
ஜெமால் கண்ணைத் துடைத்தார், வெங்காயமாக இருக்கலாம்.
லமாரா மட்டும் என் பையையே பார்த்தாள்.
நாளை ஒன்றாம் தேதி.

நள்ளிரவில் லிஃப்ட் வாசலில் துழாவினேன்.
வாடகைப் புளி இருந்தது,
தெத்ரி இல்லை.
தாத்தோவின் மாமா ஒரு காசு போட்டார்.
இரண்டாம் மாடிக்காரர்.
ஒன்பதுவரை என்னோடு பேசாமல் வந்து
இலவசமாக இறங்கிப் போனார்.