முப்புள்ளி

வனத்துறைக்கு எட்டுப் பக்கம் வேண்டுமாம்,
காட்டெருமை எதிரே வந்தால் என்ன செய்வதென்று.
"எழுத்தைக் கொறைச்சு, படத்தைக் கூட்டுங்க" என்றார் ரேஞ்சர்.
படம் தேவகி போஜன்.
எழுத்து, கோத்தகிரி மார்க்கெட் மாடியில்
டிடிபி கடை வைத்திருக்கும் நான்.
கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, காணவில்லை,
இதுவரை நான் நிரப்பிய கட்டங்களுக்கெல்லாம்
நான்கு மூலையிலும் பூ உண்டு.

முதல் கட்டத்தில் டீ ஃபேக்டரி வாசல்.
"இரவு மணி பத்து" என்று தட்டினேன்.
சுவரில் வரைந்திருந்த கடிகாரத்தை
அவள் பென்சில் முனையால் தொட்டுக் காட்டினாள்.
அழித்தேன்.

இரண்டில் ஒருவர் ஓடுகிறார்,
தூரத்தில் பஸ்ஸின் பின்பக்கச் சிவப்பு.
"ஐயோ, கடைசி பஸ்ஸும் போய்விட்டதே!"
பலூன் ஊதி முடித்தேன்.
ஓடுற ஆளு இவ்வளவு பேசுவாரா என்றாள்.
"ஏய்" ஆக்கினேன்.
அதையும் மூச்சிரைக்கிற அளவுக்குச் சிறிதாக்கச் சொன்னாள்.
எட்டுப் பாயிண்ட்.
சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தவன் நான்.

மூன்றில் அவர் தேயிலைக்குள் குறுக்கே இறங்குகிறார்.
முதுகு மட்டும்.
இடது முழங்கையில் நூல் பிரிந்த ஸ்வெட்டர்.
அந்த ஸ்வெட்டரை எனக்குத் தெரியும்.
மகளின் மார்க் ஷீட்டை ஜெராக்ஸ் எடுத்துவிட்டு
நாலு ரூபா நாளைக்குத் தர்றேன் என்று போனவர், சூசை.
நான் எதுவும் கேட்கவில்லை.
அவள் தாளைக் குனிந்து ரப்பர் தூளை ஊதிக்கொண்டிருந்தாள்.

நான்கில் டார்ச் வெளிச்சம்.
அதன் ஓரத்தில், முட்டிவரை வெள்ளைக் காலுறை போட்ட
நான்கு கால்கள்.
ஐந்தில் டார்ச் மட்டும், தரையில் கிடந்து
ஒரு தேயிலைச் செடியின் தூரைப்
பார்த்துக்கொண்டிருக்கிறது.

"நடுவுல ஒரு படம் விட்டுப்போச்சே" என்றார் ரேஞ்சர்.
"இருக்கு சார்."
தாளை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.
இரண்டு கோடுகளுக்கும் இடையே
அரை விரல் வெள்ளை.
அதில் "அப்போது திடீரென்று…" போட எனக்குத் தெரியும்.
இருபது வருடத் தொழில்.

அன்று இரவு கடையைப் பூட்டிவிட்டு நடந்தேன்.
ஒரு லைட் கம்பத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே
மூடுபனி நின்றது.
இந்தக் கம்பத்தடியில் இருந்தேன்,
பிறகு அந்தக் கம்பத்தடியில் இருந்தேன்.
இடையில் என்னை யாரும் பார்க்கவில்லை, நானும்கூட.
வந்து சேர்ந்துவிட்டதால்
நடந்திருப்பேன் என்று வைத்துக்கொண்டேன்.

ஆறாவது, கட்டம் முழுக்க அதன் முகம்.
மூச்சை எப்படி எழுதுவது?
புஸ் பாம்புக்குப் போய்விட்டது, உர் நாய்க்கு,
ஹூம் ரேஞ்சருக்கு.
கடைசியில் ஃ போட்டேன்.
குளிரில் மூக்கைவிட்டு வரும் மூன்று ஆவிப் பொட்டு.
தனிநிலை என்று பெயர்தான்,
முன்னால் ஒரு குறிலும் பின்னால் ஒரு வல்லெழுத்தும்
துணைக்கு வராமல் நிற்காது என்று படித்த ஞாபகம்.
இங்கே நிற்கட்டும்.

தேவகி வெகுநேரம் பார்த்தாள்.
புள்ளிகளை வட்டமாக்கினாள்,
சிறிது, பெரிது, அதைவிடப் பெரிது,
நெற்றியிலிருந்து மேலே ஏறுகிற மாதிரி.
காமிக்ஸில் யாராவது நினைத்தால் அப்படித்தான் ஏறும்,
உச்சியில் ஒரு மேகம், அதற்குள் எழுத்து.
இந்த மேகத்துக்கு அவள் கரை போடவில்லை.
அது தேயிலைமேல் இறங்கி, கட்டத்தைத் தாண்டி,
'செய்யக் கூடாதவை' பட்டியலுக்கு அடியிலும்
வெளுப்பாகப் போய்க்கொண்டிருந்தது.

உள்ளே என்ன போட?
"அது என்ன நெனச்சுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"
தெரியாது.
கர்சர் கொஞ்ச நேரம் அங்கேயே துடித்தது.

ஆயிரம் பிரதி.
ரேஷன் கடை, பள்ளிக்கூடம், பால் சொசைட்டி.
அரவேணு பஸ் ஸ்டாப்பில்
ஆறாம் கட்டத் தாளை மட்டும் பிரித்து ஒட்டியிருந்தார்கள்.
வெற்று மேகத்தில்
நீலப் பேனா, பிள்ளைக் கையெழுத்து:

"அண்ணே, பஸ் போயிறுச்சா?"

சின்ன ரு வர வேண்டிய இடத்தில் பெரிய று.
என் பேனா பாக்கெட்டிலேயே இருந்தது.