பல் தடம்

ஹாப்சாலுவில் அக்டோபர் கடைசியில்
ஐந்து மணிக்கெல்லாம் கடல் கறுத்துவிடும்.
தார்வோ பின்லாந்துக் கப்பலுக்குக் கிளம்பிய காலை
சமையல் மேடையில் ஓர் ஆப்பிள்,
ஒரே ஒரு கடி.
மீதியை எனக்கென்று விட்டானோ
பேருந்து வந்துவிட்டதென்று விட்டானோ.

அந்தோனோவ்கா. வெளிறிய மஞ்சள், பல் கூசும் புளிப்பு.
கடித்த இடம் பழுப்பேறி முடிவதற்குள்
தயிர் டப்பாவில் நிறுத்தினேன்.
சிலிக்கான் இரண்டையும் சரிக்குச் சரி நிறுத்துக் கலந்து
கை உயரத்திலிருந்து நூலாக விட்டேன்,
குமிழி தங்கக் கூடாதே.
விடிந்ததும் பக்கவாட்டில் கீறிப் பிதுக்கினால்
பழம் வழுக்கிக்கொண்டு வந்தது.
அது உரக்குழிக்குப் போயிற்று.
பழமில்லாத இடம் என்னிடம் தங்கிற்று.

சிலிக்கானுக்கு மறதி கிடையாது.
தோலின் புள்ளிகள், காம்படிப் பள்ளம்,
மேற்பற்கள் உழுத சால்,
நடுவில் மட்டும் உழாமல் விட்ட வரப்பு.
பதினாறு வயதில் ஐஸ் ஹாக்கியில் போன பல்லின் இடம் அது.
அந்தச் சந்து வழியாகத்தான்
என் பெயர் சீழ்க்கையாக வெளியே வரும்:
ஸ்ஸிர்யே.
பல் போனால் சொல் போச்சாம்.
எனக்குச் சொல்லே அங்கிருந்துதான் வந்தது.

முதல் வார்ப்பு கீறல் வழியே ஒழுகி
அடுப்பில் உறைந்தது.
இரண்டாவதில் திரி சாய்ந்துவிட்டது.
பிறகு ரப்பர் வளையம் நான்கு போட்டேன்,
ஐஸ்குச்சி இரண்டுக்கு நடுவே திரியை நிமிர்த்தினேன்,
எழுபதில் உருக்கி, அறுபதுக்கு இறங்கும்வரை
வானொலியில் காற்றின் வேகம் கேட்டுக்கொண்டு நின்றேன்.
பதினொன்றாவது ஆப்பிள்
அவன் கடித்த ஆப்பிளாகவே வந்தது.

டிசம்பர் சந்தையில் நீலக் குல்லாய்க்காரி கேட்டாள்:
"பழுதான வார்ப்பா? விலை குறையுமா?"
கேட்கும்போதே அவள் கட்டைவிரல்
கடிக்குள் தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது.
இரண்டு வாங்கினாள்.
அதற்கப்புறம் வந்தவர்களின் விரலும் அங்கேதான்.
ஏழாவது விரலில் எனக்குப் பொறாமை வந்தது.
ஒரு யூரோ ஏற்றினேன்.
அப்படியும் விற்றது.

பிப்ரவரியில் அச்சு களைத்துவிட்டது.
ஓரம் கிழிந்து, வரப்பு மழுங்கி,
கடி வெறும் பள்ளமாக வரத் தொடங்கியது.
"வந்ததும் உனக்கு ஒரு வேலை இருக்கு," என்றேன் தொலைபேசியில்.
"ஓர் ஆப்பிள் கடிக்கணும்."
சிரித்தான், ஆனால் கொஞ்சம் தாமதமாக.

மார்ச்சில் கதவைத் திறந்தால்,
"சிர்யே," என்றான்.
சுத்தமாக, தட்டையாக, வானொலிக்காரன் மாதிரி.
துர்க்குவில் ஒரு பல்மருத்துவர்,
இரண்டு மாதச் சாரக்கட்டுக் கூலி,
எனக்கு ஆச்சரியமாக இருக்கட்டுமாம்.
இருந்தது.

கடை ஆப்பிளைக் கடித்தான்.
நேர்த்தியான கடி,
யாருடையதாகவும் இருக்கலாம்.
இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ராத்திரி, விற்காமல் நின்ற
முப்பத்திரண்டாவதை ஏற்றினேன்.
சுடர் கடி மட்டத்துக்கு இறங்கியதும்
மெழுகு அந்த வழியே தப்பி
மேஜைத் துணியில் சொட்டியது.
"ஒழுகுது பார்," என்றான்,
நாக்கு புதுப் பல்லைத் தடவிக்கொண்டே இருந்தது.
ஒழுகட்டும் என்றேன்.

மீதி ஆப்பிளை என் பக்கம் தள்ளினான்.
இந்த முறை எனக்கென்றுதான்.
சிலிக்கான் டப்பா அலமாரியில் மூடியபடி இருந்தது.
அவன் கடித்த இடத்திலிருந்தே
தின்ன ஆரம்பித்தேன்.