ஜன்னல் வைக்காத வீடுகள்

இந்த ஊரில் இதுவரை
குருவிகளுக்குப் பதினோரு வீடு கட்டியிருக்கிறேன்.
மனிதர்களுக்கு இரண்டு.
அதிலொன்று பாதியில் நிற்கிறது,
கம்பி நீட்டிக்கொண்டு.

சுங்கை லாயுங் ஆற்றங்கரை நெடுக
சாம்பல் நிறப் பெட்டிகள்.
புதிதாக வருகிறவர்கள்
சிறைச்சாலையா என்று கேட்பார்கள்.
பள்ளிவாசலைவிட ஒரு மாடி குறைத்தே
கட்ட வேண்டுமென்று ஊர்க்கூட்டத்தில் தீர்மானம்.
ஹாஜி அஸ்னாவி மட்டும்
மொட்டைமாடியில் தண்ணீர்த்தொட்டி வைத்து
உயரத்தைச் சரிக்கட்டிக்கொண்டார்.

உழவாரன் குருவி எச்சிலால் கூடு கட்டும்.
அந்த எச்சிலைக் கிலோக் கணக்கில் வாங்கக்
கடலுக்கு அப்பால் ஆள் இருக்கிறது.

நிலத்துக்கு ஆள் இல்லை.
எங்கள் அப்பன்மாரை ஜாவாவில் கப்பலேற்றி
இங்கே கொண்டுவந்து இறக்கியபோது
தலைக்கு இரண்டு ஹெக்டேர், ஒரு பலகை வீடு,
ஒரு மண்வெட்டி.
முதல் நெல் மஞ்சளாகவே செத்தது.
கரிமண், புளித்த மண்.
கிணற்றில் இறைத்தால் தேநீர்ச் சாயம்.
ரப்பர் வைத்தோம், விலை விழுந்தது.
எண்ணெய்ப்பனை வைத்தோம்,
குலை வெட்டும் வயதில்
பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள்.

பஞ்சார்மாசினிலிருந்து வரும் தரகன் யுஸ்ரான்
பைக்கை நிறுத்தாமலே விலை சொல்வான்:
'மேலே குருவி பறக்குதா? ஒரு விலை.
பறக்கலையா? பாதி.
ஆள் குடியிருக்கா?
காலி பண்ணிக் கொடு, பேசலாம்.'

ரஸ்மினி ஹாங்காங்கில் ஒன்பது வருஷம்.
யாரோ ஒரு கிழவரின் மருந்து வேளைகள்,
துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் பாய்.
மாதாமாதம் பணம் வரும்,
கூடவே குரல் வரும்:
'பார்ஜோனோ, செங்கல்லை நனைச்சுத்தானே வைக்கிறே?'
நனைத்துத்தான் வைத்தேன்.
உள்ளே வெயில் இறங்காதபடி
இரட்டைச் சுவர்.
அவள் பார்க்கவேண்டுமென்று
ஒவ்வொரு வரிசையையும் படமெடுத்து அனுப்பினேன்.

வந்தாள், மழைக்காலத்தில்,
இரண்டு பெட்டியும் ஒரு சோற்றுக்குக்கருமாக.
ஹாஜியிடம் குருவிச் சத்தம் பதிந்த அட்டை வாங்கி
ஒலிபெருக்கியில் போட்டாள்.
விடியற்காலை ஐந்திலிருந்து இரவு ஒன்பதுவரை
கீச் கீச் கீச்.
அந்த நிழலில், தங்கையின் பலகை வீட்டில்
ஏழாவது ஆளாகப் படுத்துக்கொண்டு
பதினான்கு மாதம் காத்திருந்தாள்.
குருவிகள் வந்தன. வட்டமிட்டன.
ஹாஜி வீட்டுக்குப் போயின.

பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த வாத்தியார்
வாடகைக்குக் கேட்டுப் பார்த்தார்.
உள்ளே ஒருமுறை போய்வந்தவர்
அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

போன செவ்வாய் எனக்கு ஆள் விட்டாள்.
'ஜன்னல் வை.'
வெளிச்சம் பட்டால் குருவி வராதே என்றேன்.
'தெரியும்.'
விலை பாதியாயிடும்.
கைபேசியில் தட்டிப் பார்த்தாள்.
பாதி என்பது
நாலரை வருஷம் என்று வந்தது.
கொஞ்சநேரம் அதையே பார்த்திருந்துவிட்டு
'கிழக்கே ஒண்ணு' என்றாள்.
'அடுப்பு வரப்போற பக்கம் ஒண்ணு.'

சம்மட்டி எகிறி எகிறி விழுந்தது.
இத்தனை கெட்டியாகவா கட்டுவான் ஒருவன்
என்று கட்டினவனைத் திட்டினேன்.
மத்தியானம் ஒரு கல் வெளியே விழுந்தது.
தங்கை வீட்டுக் கோழி பதறி ஓடியது.
மேலே ஒலிபெருக்கி இன்னும்
யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தது,
அணைக்க மறந்துவிட்டோம்.

சாயங்காலம் அந்த ஓட்டை வழியாக
ஒரேயொரு உழவாரன் உள்ளே வந்தது.
ஒரு சுற்று. வந்த வழியே வெளியே போனது.
தெருவில் யுஸ்ரான், முதல்தடவையாக
பைக்கை நிறுத்தி இறங்கினான்.
'இப்ப பறந்துச்சே, பார்த்தேன்.
முழு விலை தர்றேன். இன்னைக்கே முன்பணம்.'
எப்போதும்போல்
நிலம் அளக்கிற நாடா அவன் இடுப்பில்.

ரஸ்மினி அதைக் கேட்டு வாங்கினாள்.
ஒரு நுனியை அவன் கையில் கொடுத்து
ஓட்டையின் அந்த ஓரத்தில் நிற்கச் சொன்னாள்.

'திரைச்சீலைக்கு' என்றாள்.
'தொய்யாமல் பிடி.'