நூற்றுப் பன்னிரண்டாவது தாள்

இன்றைக்கு மட்டும் எழுபது தாள்களில்
பொழுது பளிச்சென்று விடிந்தது,
பறவைகள் கீச்சிட்டன.
கென்யா முழுக்க ஒரே மரம் போலிருக்கிறது.
ஆங்கிலத்தில் கதை இப்படித்தான் தொடங்குமென்று
எந்தக் கரும்பலகையிலோ பார்த்து
நெட்டுருப் போட்டிருக்கிறார்கள்.
தொடக்கத்துக்கு மூன்று மதிப்பெண். போட்டுவிடுவேன்.

இது துர்க்கானா ஏரிக்கரைப் பள்ளி.
பெயர் கிடையாது, எண்தான்.
இங்கேயும் கீச்சிட்டன.
அப்புறம் வலை, டீசல் நாற்றம்,
பந்தயம் கட்டி
ஒரு சப்பாத்தியை ஜெயித்த அண்ணன் எபெய்.
காற்று திரும்பியது. படகு சாய்ந்தது.
அதுவரை எல்லாம் இறந்தகாலத்தில், ஒழுங்காக.

பிறகு,
எபெயைத் தேடுகிறோம்.
அம்மா தண்ணீருக்குள் நிற்கிறாள்.
இருட்டுகிறது.

காலப் பிழை.
மூன்று வினைச்சொல், மூன்று சிவப்பு வட்டம்.
நிற்கிறாள் மேலே 'நின்றாள்' என்று திருத்தப் போனேன்;
பேனா மூடி பல்லிடுக்கிலேயே இருந்தது.
"தேநீர் ஆறுது" என்றார் எதிர்மேசை சேரோனோ.

கடைசி வரி எல்லோரும் எழுதுவதுதான்:
திடுக்கிட்டு விழித்தேன், அத்தனையும் கனவு.
இதற்கு எப்போதும் இரண்டு குறைப்பேன்,
ஓரத்தில் 'சோம்பேறி முடிவு' என்று கிறுக்கியும் வைப்பேன்.

இந்தத் தாளில்
கனவு என்ற சொல் இருக்குமிடத்தில்
அழித்து எழுதி, மறுபடி அழித்து,
காகிதம் ஓட்டை.
அது வழியே தெரிகிறது
அடுத்த பக்கத்தின் ஒற்றைக் கோடு,
எதுவும் எழுதாமல்.