வெளிச்ச மேசை

கண்ணாடி மேசை. அடியில் விளக்கு.
மேலே காட் மீனின் வெள்ளைச் சதை.
நிழல் தெரிந்தால் நிறுத்து,
கத்திமுனையால் கிள்ளியெடு,
பெல்ட்டில் தள்ளு. அடுத்தது.
இருபத்தாறு வருஷமாய் இதுதான் வேலை.
நூல்போல் சுருண்ட புழுவும்
என் கண்ணுக்குத் தப்பாது என்று
மேற்பார்வையாளர் ஒட்வார் சொல்வார்,
நான் சம்பள உயர்வு கேட்காத நாட்களில்.

மார்பகப் பரிசோதனைக்கு அழைத்த கடிதம்
குளிர்பெட்டிக் கதவில்
காந்தத்தின் கீழ் தொங்கியது,
இரண்டு வருஷத்துக்கு முந்தைய கடிதத்தின் மேல்.
அது, அதற்கும் முந்தையதன் மேல்.
வலிக்கிறதா? இல்லை. பிறகென்ன?
எனக்கு நானே டாக்டர்.

இந்த மார்ச்சில் பனிப்புயல்
பேரன்ட்ஸ் கடலின் படகுகளைக் கட்டிப்போட்டது.
மீன் இல்லை. பெல்ட் ஓடவில்லை.
கூட்டுறவுக் கடைக்குப் பின்னால்
பரிசோதனை வண்டி வந்து நின்றது,
சக்கரம் பாதி பனிக்குள்.
குன்வோருக்குப் பயம்.
அவள் அக்காவுக்குக் கண்டுபிடித்தபோது
எலும்பு வரை போயிருந்தது.
"துணைக்கு வா" என்றாள்.
போனேன். துணைக்குத்தான்.
வண்டிக்குள் இருந்தவள் கணினியைப் பார்த்து
"உங்கள் பெயரும் இருக்கிறதே" என்றாள்.
வேறு வழி? கம்பளிச் சட்டையைக் கழற்றினேன்.

தட்டு சில்லென்றிருந்தது.
அவள் கைகள், நல்லவேளை, சூடு.
முலையைத் தூக்கி வைத்து, இழுத்துப் பரப்பி,
மேலே இன்னொரு தட்டை இறக்கினாள்.
நான் மீனைப் பரப்புவது போலவேதான்.
சிரிப்பு வந்துவிட்டது.
"அசையாதீர்கள். மூச்சைப் பிடியுங்கள்."
வலித்ததா என்றால், வலித்தது,
கதவிடுக்கில் விரல் மாட்டுவதில் பாதி.
நாலு படம்.
வெளியே வந்தபோது
என் கையுறையின் ஈரம்கூடக் காயவில்லை.

குன்வோருக்குக் கடிதம் வந்தது: ஒன்றுமில்லை.
வாஃபிள் சுட்டு ஓய்வறைக்குக் கொண்டுவந்தாள்.
அதைத் தின்றுகொண்டிருந்தபோதுதான்
எனக்குத் தொலைபேசி வந்தது.

டிரோம்சோ ஆஸ்பத்திரியில்
டாக்டரம்மா படத்தைத் திரையில் திறந்தார்.
கறுப்பில் வெள்ளை; எங்கள் மேசைக்கு நேர்மாறு.
அவர் விரல் நீட்டுமுன்
நான் நீட்டினேன்: இதோ.
மிளகளவு.
கையால் தடவியிருந்தால் அகப்பட்டிருக்காது என்றார்.
பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.
"எப்படித் தெரிந்தது?"
"மீன் ஆலையில் வேலை."

வெட்டினார்கள். மூன்று வாரம் கதிர்.
மறுபடி மேசைக்கு முன்னால் நிற்கிறேன்.
இடது கையை உயர்த்தினால்
இன்னும் கொஞ்சம் இழுக்கிறது.

பக்கத்து மேசையில் புதிதாய்
லித்துவேனியாவிலிருந்து வந்த யுர்கிதா.
போன மாதம் ஐம்பது முடிந்தது, கேக் வெட்டினோம்.
கடிதம் வந்ததா என்றேன்.
வந்தது என்றாள்,
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறதாம்.

கத்தியைக் கீழே வைத்தேன்.