பரிமாறும் அளவு

வெள்ளிக்கிழமை ஃபஹாஹீலில்
நாலு மணிக்கு மேல்தான் கடைக்குள் ஆள் வரும்.
ஏழாம் வரிசை முனையில், மின்தட்டில்,
என் கோழி லஞ்சன் வறுபடுகிறது.
ஒரு டின்னுக்குத் தொண்ணூறு துண்டு போடச் சொல்லியிருக்கிறார்கள்.
நான் எண்பதுதான் போடுவேன்.
அதற்குக் கீழே போனால் பல்குச்சி குத்தும்போதே உடைந்துவிடும்.

தலையில் மஞ்சள் தொப்பி. சட்டையில் எப்சிபா என்று அட்டை.
குவைத்திப் பிள்ளைகள் மூன்று முறை சுற்றி வருவார்கள்,
மூன்று முறையும்
முதல் முறை வருகிற முகத்தோடு.

அவன் தமிழில் கேட்டான்:
"அக்கா, இதுல எது சத்து?"
இடது கையில் என் டின்.
வலது கையில் எதிர்த்தட்டு மாட்டிறைச்சி,
பக்கவாட்டில் சாவி ஒட்டிய பிரேசில் தகரம்.
மீனா அப்துல்லாவில் வெல்டிங்காம்.
கண்ணைச் சுற்றிக் கண்ணாடி அழுத்திய தடம்.
பேர் கடற்கரையாண்டி என்று கேட்காமலே சொன்னான்.

எனக்குச் சம்பளம் அவன் இடது கைக்கு.

இரண்டையும் வாங்கிக் கவிழ்த்தேன்.
நூறு கிராமில் மாட்டுக்குப் புரதம் இருபத்தைந்து,
கோழிக்குப் பதினொன்று.
மிச்ச இடத்தில் மாவு, சோயா, தண்ணீர்,
கோழி என்று சொல்லிக்கொள்ளக் கூசுகிற இன்னும் சில.
கொழுப்பில் ஏறக்குறையப் பங்காளிகள்.
இரும்பு என்ற வரி மாட்டில் மட்டும்.
"அப்ப மாடுதான்" என்றான்.
"விலையப் பாரு" என்றேன்.
நானூற்றைம்பது ஃபில்ஸ். ஆயிரத்து நூற்றைம்பது.
கைபேசியில் வகுத்தான், உதட்டை அசைத்து.
ஒரு கிராம் புரதம் இதில் பன்னிரண்டு ஃபில்ஸ்,
அதில் பதின்மூன்றரை.
"அட, இவ்வளவுதானா?"

பிறகு உப்பு.
அதை நான் சத்தமாக வாசிக்கக் கூடாது,
மூன்று வரிசை தள்ளி மேற்பார்வையாளர்.
விரலால் காட்டினேன்:
தொள்ளாயிரத்து ஐம்பது. தொள்ளாயிரம்.
"பிரஷர் நூத்தம்பதாம். உப்பைக் குறைங்கிறாரு டாக்டர்.
வெயில்ல நின்னா ஃபோர்மேன்
உப்புத்தண்ணி குடுத்துக் குடிங்கிறான்.
யார் பேச்சக் கேக்க?"

தகரத்துக்கு அவனைத் தெரியாது.
அதற்குத் தெரிந்தவன் ஒரே ஆள்:
நாளுக்கு இரண்டாயிரம் கலோரி தின்பவன்,
ஐம்பத்தாறு கிராமில் கை கழுவுகிறவன்,
ஒரு டின்னை ஆறு வேளைக்கு மூடி வைப்பவன்,
வியர்க்காதவன்.
இந்தக் கடையில் ஐந்து மாதமாக நிற்கிறேன்,
அவன் ஒரு நாளும் வண்டி தள்ளி வரவில்லை.

கடற்கரையாண்டி அறையில் ஒரு டின் ஏழு பேருக்கு.
வெங்காயத்தை அள்ளிப்போட்டு, குபூஸில் சுருட்டி.
"கணக்குப்படி நாங்க லேபிளவிடக் கம்மியாத்தான் திங்கிறோம்"
என்று சிரித்தான். அவனே திரும்பவும் வகுத்துப் பார்த்தான்.
ஆமாம், நாற்பத்தெட்டு.

டின்களைத் திரும்ப வைத்தான்,
மாட்டைக் கோழித்தட்டிலும்
கோழியை மாட்டுத்தட்டிலும்.
முப்பது முட்டை அட்டையை
நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போகையில்
நாலு பல்குச்சி எடுத்தான்.
தாளில் ஒன்று என்று எழுதினேன்.
விற்பனைக் கட்டத்தில் பூஜ்யம்.

பத்து மணிக்கு மின்தட்டை அணைத்தேன்.
மிச்சத்தைக் குப்பையில் கொட்ட வேண்டும் என்பது விதி.
போன மாதம் ரத்தம் எடுத்தார்கள்:
ஹீமோகுளோபின் எட்டு புள்ளி ஒன்பது.
"இரும்புச்சத்து சாப்பிடு" என்றாள் மலையாள நர்ஸ்,
நான் எங்கே நிற்கிறேன் என்று தெரியாமல்.

சீஸ் பகுதித் தராசில் இன்னும் வெளிச்சம் இருந்தது.
துண்டுகளைக் காகிதத்தோடு வைத்தேன்.
அறுபத்தொரு கிராம்.
தராசு க்ரீச்சென்று ஒரு சீட்டைத் துப்பியது.
நின்றபடியே தின்றேன்.
சூடு போயிருந்தது. உப்பு அப்படியே.

பேருந்தில் ரோசலின்
என் சட்டைக்கையிலிருந்து எதையோ உரித்து
விளக்கடியில் பிடித்து வாசித்தாள்:
கறுப்பு ஆலிவ்,
நூற்று இருபது ஃபில்ஸ்.