பன்னிரண்டு மணிக்குத்தான் அறை

திருப்பூரில் ஏறிய பேருந்து
நாலே காலுக்கே இறக்கிவிட்டுப் போய்விட்டது.
புதுச்சேரி என்று எழுதிய பலகைக்குக் கீழே
ஒரு நாய், இரண்டு ஆட்டோ,
உட்கார்ந்தே தூங்கியதில் வீங்கிய எங்கள் கால்கள்.
கோகிலவாணி கழுத்தைச் சொடக்கெடுத்து
"வந்தாச்சு" என்றாள்,
கண்டம் தாண்டியவள் போல.

தாண்டியிருக்க வேண்டியவள்தான்.
பதினாலு வருஷம்
பனியன் பெட்டிகளின் மேல் அவள் ஒட்டிய சீட்டுகளில்
ஜெனோவா, லிவோர்னோ, நேபிள்ஸ்.
அங்கே போக மூன்று வருஷம்
வேறு சீட்டுக் கட்டினோம்.
எட்டு மாதம் மதிய இடைவேளையில்
கைபேசியைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்து
அந்தப் பாஷையைப் படித்தாள்.
வாயில் தயிர்சாதம் இருக்கும்போதே கேட்பாள்
இது என்ன விலை,
கழிவறை எந்தப் பக்கம்.

விசா மறுத்த தாளில்
ஒரு கட்டத்துக்குள் குறி போட்டிருந்தார்கள்:
இவர் ஊர் திரும்புவார் என்பதில்
நியாயமான சந்தேகம் உண்டு.
யார், கோகிலவாணியா?
ஆறரைக்குக் கம்பெனி வேனைவிட்டு இறங்கினால்
ஆறே முக்காலுக்குக் கதவைத் திறக்காத நாள்
அவள் ஆயுளில் ஒன்று காட்டுங்கள்.
"எனக்கும் அதேதான்" என்றேன் அன்று,
என் உறையை நாலாக மடித்துக்கொண்டே.

விடுதி டூமாஸ் வீதியில்.
மஞ்சள் சுவர், வெள்ளைக் கதவு,
கதவை ஒட்டிப் பிளாஸ்டிக் நாற்காலியில்
சட்டையில் பெயர் தைத்த தணிகாசலம்.
"பூஞ்ஜோர்னோ" என்றாள் அவரிடம்.
செலவாகாமல் கிடந்த சொல்
எங்கேயாவது செலவாக வேண்டுமே.
அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.
குற்றம் சொல்லச் சங்கடம், இருந்தாலும்
சொல்லாமல் விட மனசில்லை.
"போன்ழூர்னு சொல்லணும்மா.
இப்பத்தான் கத்துக்கிறீங்களா?"

நாங்கள் சிரித்த சிரிப்பில்
என் பெட்டி சாய்ந்து சக்கரம் கழன்று
சாக்கடை மூடி வரைக்கும் ஓடி நின்றது.
அவர்தான் போய் எடுத்து வந்தார்.

அறை பன்னிரண்டு மணிக்குத்தான்.
உள்ளே இன்னும் யாரோ தூங்குகிறார்கள்,
எங்கள் கட்டிலில்.
பெட்டிகளை வைத்துவிட்டுப் போகலாம்,
நோட்டில் எழுத ஏதாவது அட்டை வேண்டும்.
"பாஸ்போர்ட்டையே குடு புள்ள,
இங்கயாச்சும் ஒருத்தரு பொரட்டிப் பாக்கட்டும்."
தன்னுடையதை மேசைமேல் விரித்தாள்.
பக்கம் பக்கமாக ஒன்றுமில்லை.
அவர் மரியாதையாக எல்லாவற்றையும் பார்த்தார்.

நான் ஆதாரைத் தேடினேன்.
"பாஸ்போர்ட் ஊர்லயே வெச்சுட்டேன்."
கைப்பையில், துண்டுக்கும் சீப்புக்கும் அடியில்,
ஏழாம் பக்கத்தில் பச்சையும் நீலமுமாய் ஒரு ஸ்டிக்கர்,
நேற்றிலிருந்து செல்லும்,
இருபத்தெட்டு நாளுக்கு.

கடற்கரைச் சாலையில் இன்னும் வண்டி விடவில்லை.
நடப்பவர்கள், ஓடுபவர்கள்,
ஓடுவதற்கு உடை மட்டும் போட்டு வந்தவர்கள்.
கறுப்புப் பாறைகளில் அலை ஏறி
ஏறிய வழியே இறங்கியது.
சூரியன் தலை காட்டியதும்
வரிசையாக எல்லோரும் கைபேசியை உயர்த்த
கோகிலவாணி மட்டும்
கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.

"என்னடி?"
"இத்தாலி அந்தப் பக்கமில்ல. இந்தப் பக்கம்."
நீட்டிய விரல்
பழைய கலங்கரை விளக்கத்தைத் தாண்டி
பேருந்து நிலையத்தைத் தாண்டிப் போனது.
"போற வழியில நம்ம திருப்பூரு."

நானும் திரும்பி உட்கார்ந்தேன்.
முதுகில் வெயில் சுட ஆரம்பித்தது.
"அந்தப் பையை எதுக்கு இப்படிக் கட்டிப் புடிச்சிருக்கே?
கீழ வை. யாரும் எடுக்க மாட்டாங்க.
நானும் கேக்க மாட்டேன்."

வைத்தேன்.
ஒரு காபி வாங்கி இரண்டாக்கச் சொன்னோம்.
அறைக்கு இன்னும்
ஆறு மணி நேரம் இருந்தது.